கோலாருக்குப் போன மூட்டை

1894-க்கு முன் பௌரிங்பேட்டை ரயிலடியில் இறங்கிய கூலிக்காரருக்கு இன்னும் பத்து மைல் நடை பாக்கி இருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போகும் இருப்புப்பாதை 1864-லேயே வந்துவிட்டது. பௌரிங்பேட்டையிலிருந்து கோலார்த் தங்கவயலின் மாரிக்குப்பம் வரைக்கும் கிளைப்பாதை போட மேலும் முப்பது ஆண்டு ஆயிற்று. அதுவரைக்கும் இயந்திரங்கள் வண்டியில் போயின, துரைமார்கள் குதிரையில் போனார்கள், தோண்டப் போனவர்கள் தலையில் மூட்டையோடு நடந்தார்கள். மைசூரின் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயரைத் தாங்கிய அந்த ஊர்தான் இன்றைய பங்காரப்பேட்டை.

ரயிலுக்குக் காசு கொடுக்க முடிந்தவர் கதை இது. கொடுக்க முடியாதவர் வீட்டு வாசலிலிருந்தே நடந்தார். குடியாத்தம், வாணியம்பாடி, திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தங்கவயல் இரண்டு மூன்று நாள் நடை. வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். செங்கல்பட்டுச் சீமையிலிருந்து வந்தவருக்கு ஒரு வாரம் ஆகும். வழி முழுக்க ஏற்றம் வேறு. பாலாற்றுச் சமவெளியை விட்டு மலைத்தொடரில் ஏறி மைசூர்ப் பீடபூமியைத் தொடும்போது கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே வந்திருப்பார்கள். வட ஆற்காட்டு வெயிலில் வளர்ந்த உடம்பை மார்கழிப் பனி அங்கே முதல் ராத்திரியே பதம் பார்த்துவிடும்.

அப்படிப் போகிறவர் எதை எடுத்துக்கொள்வார், எதை விட்டுவிட்டுப் போவார்?

மூட்டை கட்டுவது ஒரு கணக்கு. வழியில் என்ன கிடைக்கும் என்று தெரிந்தால் என்ன சுமக்க வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும். அம்மியும் குழவியும் வீட்டில் இருக்கட்டும், அரைக்கக் கல் எந்த ஊரிலும் உண்டு. மண்சட்டி போகிற இடத்தில் காலணாவுக்குக் கிடைக்கும், வழியில் உடைந்தால்தான் நஷ்டம். கேழ்வரகு மாவு கொஞ்சம், உப்பு, காய்ந்த மிளகாய், புளி. முதல் இரண்டு வேளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டால் கெடாது. நெருப்புக்குச் சக்கிமுக்கிக் கல்லும் இலவம்பஞ்சும். தீப்பெட்டி அப்போது சீமைச் சரக்கு. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதே 1920-களில்தான், அதற்குமுன் இங்கே விற்றவற்றில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கப்பலில் வந்தவை. இடுப்பில் சுருக்குப் பை. அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, புகையிலைத் துணுக்கு, இருந்தால் இரண்டு செப்புக்காசு. வசதி இருந்தால் குறும்பர் நெய்த கறுப்புக் கம்பளி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துண்டு. மூட்டையைக் கட்டுவது அது, மூட்டைக்குக் கீழே சும்மாடாகச் சுருள்வதும் அது. வெயிலுக்கு முண்டாசு, குளித்தால் துவட்ட, படுத்தால் விரிக்க, குளிரடித்தால் போர்த்த, கால் சுளுக்கினால் கட்டுப்போட. ஒரு சாமானுக்கு ஒரு வேலை மட்டும்தான் என்றால் அதைச் சுமக்காதே என்று இன்றைய மலையேற்றக்காரர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பாடத்தை ஒரு முழத் துணியில் முடித்துவைத்திருந்தார்கள் நம் ஆட்கள்.

தண்ணீர்தான் பெரிய சிக்கல். காசிக்கும் ராமேசுவரத்துக்கும் நடந்த யாத்திரைக்காரருக்குச் சத்திரம் இருந்தது, சாலையோரத்தில் தண்ணீர்ப்பந்தல் இருந்தது, ஊர்க்கிணற்றில் சேந்திக் குடிக்க உரிமை இருந்தது. தங்கவயலுக்கு நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அக்காலப் பதிவேடுகள் பறையர் என்று எழுதிய ஆதிதிராவிட மக்கள். சத்திரத்துத் திண்ணையும் ஊர்க்கிணறும் அவர்களுக்கு மூடிக் கிடந்தன. சேரி எங்கே வருகிறதோ அங்கேதான் தண்ணீர். ஆற்றிலும் ஓடையிலும் கோடையில் மணல். ஆகவே மற்றவன் விட்டுவிட்டுப் போகக்கூடிய சுரைக்குடுக்கையை இவர் விட முடியாது. சுமையின் எடையில் சாதிக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை நடைப்பயணம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நெடுநடைக்கு மூட்டை கட்டும் காட்சி தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்கு மூன்று பேர் நடக்கிறார்கள். கோவலனும் கண்ணகியும் மறுபடி வாழ்க்கை தொடங்க ஒரு சோடிச் சிலம்பை நம்பிப் போகிறார்கள். அவர்களுடன் சேர்ந்துகொள்ளும் சமணத் துறவி கவுந்தியடிகள் கையில் எடுத்துக்கொள்வதை இளங்கோ எண்ணிச் சொல்கிறார்: பிச்சைப் பாத்திரம், தோள்மேல் ஒரு துணி, மயிற்பீலி. வழியில் எறும்பு மிதிபடாமல் விலக்கப் பீலி, சோற்றுக்குப் பாத்திரம், மற்ற எல்லாவற்றுக்கும் துணி. உலகத்தின் மிகச் சுருக்கமான பயணச் சாமான் பட்டியல்களில் இது ஒன்று.

இதற்கு இணையாக ஒரு பாட்டியைச் சொல்லலாம். 1955-இல் அமெரிக்காவின் எம்மா கேட்வுட் தம் 67-ஆம் வயதில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். முதுகுப்பை வாங்கவில்லை. முரட்டுத் துணியில் தானே தைத்த ஒரு சுருக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே ராணுவக் கம்பளி, மழைக்கோட்டு, கூடாரத்துக்குப் பதிலாகக் குளியலறைப் பிளாஸ்டிக் திரை. வட ஆற்காட்டுக் கிழவி எவரும் அதைப் பார்த்தால் மூட்டை என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு வித்தியாசம் உண்டு. கேட்வுட் விரும்பி நடந்தார்.

தங்கவயலுக்கு நடந்தவர்களைத் துரத்தியது பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வதைத்த தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காடும் சேலமும் பட்ட பாடு சொல்லி முடியாது. நிலமில்லாத பண்ணையாட்களே முதலில் விழுந்தார்கள். பஞ்சம் ஓய்ந்த கையோடு, 1880-இல், லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கோலாரில் கால் வைத்தது. மேஸ்திரிகள் கிராமம் கிராமமாக வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். அதனால் மூட்டை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதற்குள் ஒரு கடன் இருந்தது. போய்ச் சேர்ந்து பல மாதம் கழித்தும் தீராத சாமான் அது ஒன்றுதான்.

கம்பெனிக்கு முன்பே அந்த மண்ணில் தங்கம் தேடியவர்கள் உண்டு. 1802-இல் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினண்ட் ஜான் வாரன் ஊரிகம் பக்கத்தில் தங்கம் கிடைப்பதாக ஒரு வதந்தியைக் கேள்விப்பட்டார். பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலப் படையில் சேர்ந்தவர் அவர். பிற்காலத்தில் சென்னை வானாய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்டார், நம் பஞ்சாங்கக் கணக்குகளை விளக்கிக் ‘காலசங்கலித’ என்ற தடித்த நூலை 1825-இல் வெளியிட்டார். வாரன் பரிசு அறிவித்ததும் ஊரார் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரில் அலசிக் காட்டினார்கள், பொன்துகள் மின்னியது. மாரிக்குப்பத்தில் ஆழமான பழங்குழிகளுக்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்வதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். குழிக்குள் அங்கங்கே நின்ற ஆட்கள் கல்கூடையைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதைப் பெரிய பாறையில் வைத்து இடித்துப் பொடியாக்கினார்கள். நூறு ஆண்டு கழித்துக் கம்பெனி ஆலைகளில் நீராவியும் மின்சாரமும் செய்த வேலை அப்போது ஓர் உலக்கையிலும் ஒரு கூடையிலும் நடந்துகொண்டிருந்தது.

வாரனின் அறிக்கையைப் பல பத்தாண்டு கழித்துப் படித்தவர் மைக்கேல் லவெல். நியூசிலாந்தில் மவோரிகளுடன் நடந்த சண்டையில் இருந்துவிட்டு ஓய்வுக்குப் பெங்களூர்த் தண்டுப்பகுதியில் குடியேறிய அயர்லாந்துக்காரர். 1871-இல் பெங்களூரிலிருந்து 60 மைல் தூரம் மாட்டுவண்டியில் கோலாருக்குப் போய்வந்தார். 1875-இல் தோண்டும் உரிமையும் வாங்கினார். பணம் தீர்ந்துபோய் உரிமையைக் கைமாற்றிவிட்டார். பெங்களூரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது. வண்டி ஓட்டியவர் பெயர் எங்கும் இல்லை.

2024 ஆகஸ்டில் வந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வட ஆற்காட்டிலிருந்து பொன் தேடி நடந்த ஒரு கூட்டத்தைத் திரையில் காட்டியது. மாயமும் தொன்மமும் கலந்த படம், வரலாற்று ஆவணமாக அதைப் பார்க்கக் கூடாது. ஆனால் தங்கவயல் என்றால் துப்பாக்கியும் தாடியும் என்று 2018-இல் ஒரு கன்னடப் படம் பதித்துவிட்ட பிம்பத்துக்கு நடுவே, அந்த ஊர் நடந்துவந்தவர்களால் ஆனது என்பதை அது ஞாபகப்படுத்தியது.

வந்து சேர்ந்தவர்களுக்கு மூங்கில் தட்டி அடித்த குடிசை வரிசைகள். ‘லைன்’ என்றார்கள். மூட்டை அவிழ்ந்தது. மறுநாள் காலையிலிருந்து இன்னொரு நெடுநடை தொடங்கியது. இந்த முறை கீழ்நோக்கி.

தங்கவயலின் சுரங்கம் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் போனது. கடைசியில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3,200 மீட்டர் அளவுக்கு இறங்கினார்கள். ஒரே கூண்டில் அடிவரை போக முடியாது. ஒரு கூண்டு விட்டு இறங்கி, நடந்து, வேறு கூண்டு ஏறி, மறுபடி இறங்கி, பிறகு மட்டங்களின் வழியே வேலை நடக்கும் முகப்புக்கு நடக்க வேண்டும். ஏணியும் உண்டு, குனிந்து நுழையும் இடமும் உண்டு. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே மறந்துவிட்ட ஒரு சாமானை எடுத்துவரத் திரும்பிப் போக முடியாது. வட ஆற்காட்டுச் சாலையில் மறந்ததை அடுத்த ஊரில் கடன் கேட்கலாம். சுரங்கத்தில் அடுத்த ஊர் கிடையாது.

ஆகவே முதலில் கொண்டுபோக வேண்டியது வெளிச்சம். நிலக்கரிச் சுரங்கத்தில் திறந்த சுடர் எமன், எரிவாயு பிடித்துக்கொள்ளும். தங்கச் சுரங்கத்தின் கடும்பாறையில் அந்தப் பயம் குறைவு, அதனால் இவ்வகைச் சுரங்கங்களில் ஆரம்ப நாள்களில் மெழுகுவர்த்தியே விளக்கு. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் கெட்டித் தொப்பியின் நெற்றியில் களிமண் உருண்டையை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொள்வார்கள். அந்தக் கார்ன்வால்காரர்கள் பலர் மேற்பார்வையாளர்களாகக் கோலாருக்கு வந்தார்கள். அவர்களுடைய உணவும் சுரங்கத்துக்கென்றே பிறந்தது. இறைச்சியும் கிழங்கும் உள்ளே வைத்து மடித்துச் சுட்ட மாவுப் பொட்டலம், பாத்திரம் இல்லாமல் கையில் பிடித்துத் தின்னலாம். யோசித்துப் பார்த்தால் துண்டில் பொதிந்து எடுத்துப்போன களியுருண்டையும் அதே யுக்திதான். உருட்டிய களிக்குக் கரண்டி வேண்டாம், ஒரு வெங்காயமும் மிளகாயும் போதும், சிந்தாது, வயிற்றில் நெடுநேரம் நிற்கும். இரண்டு நாட்டு ஏழைகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே விடைக்கு வந்திருந்தார்கள்.

மெழுகுவர்த்திக்குப் பின் கார்பைடு விளக்கு. அடியறையில் கால்சியம் கார்பைடு கட்டிகள், மேலறையில் தண்ணீர். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்க, அசிட்டிலீன் வாயு கிளம்பி முனையில் வெள்ளைச் சுடராக எரியும். அருமையான கருவி. ஆனால் அது தன்னோடு ஒரு சிறு குடும்பத்தையே கூட்டிவரும். ஒரு முறை போட்ட கார்பைடு சில மணி நேரத்தில் சாம்பல் குழம்பாகிவிடும், ஷிப்டு முடியுமட்டும் தாங்க மேற்கொண்டு கட்டிகள் வேண்டும். அவை ஈரம்படாத மூடிய டப்பாவில் இருக்க வேண்டும். முனைத்துளை கரியடைத்தால் குத்திவிட மெல்லிய கம்பி வேண்டும். தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும், அப்போது குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில்தான் கை வைக்க வேண்டும். இருட்டில் அந்தக் கம்பித்துண்டு தொலைந்தால் விளக்கு இருந்தும் பயனில்லை. பத்துப் பைசா பெறாத ஒரு கம்பி ஓர் ஆளின் நாளைத் தீர்மானிக்கும் என்பதை மலையேறுகிறவர்களும் அறிவார்கள்.

1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலாருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆசியாவில் அப்போது அது பேரதிசயம். ஆலைகள் ஓடின, துரைமார் பங்களாக்கள் ஒளிர்ந்தன. பாறை முகப்பில் குந்தியிருந்தவர் கைவிளக்கை நம்பியே இருந்தார். இடுப்பில் பேட்டரியும் தலைக்கவசத்தில் விளக்குமான ஏற்பாடு பிற்பாடு வரும்வரை பழைய நிலைதான். தலைக்கவசமும் காலணியும் எல்லார்க்கும் உடனே வந்துவிடவில்லை. பழைய புகைப்படங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலையில் அதே துண்டு முண்டாசாக இருக்கிறது. ‘ஏர் பிளாஸ்ட்’ என்று தங்கவயல்காரர்கள் சொல்லும் பாறை வெடிப்பில், பல நூறு அடிக்கு மேலே உள்ள வீட்டுப் பாத்திரங்கள் கூட அலமாரியில் குலுங்கும். அந்தப் பாறைக்கு நேர் கீழே நின்றவருக்குத் துணிதான் கவசம்.

உள்ளே கொண்டுபோகும் சாமானை அவரவர் யோசித்தார்கள். வெளியே கொண்டுவரும் சாமானைச் சட்டம் யோசித்தது. 1897-இல் மைசூர் அரசு இயற்றிய சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம், தங்கத்தாது ஒருவரிடம் கணக்கில்லாமல் இருந்தால் அதுவே குற்றம் என்கிற அளவுக்குக் கம்பெனிக்குக் கைகொடுத்தது. ஷிப்டு முடிந்து மேலே வந்தவர் சோதனைக்கு நிற்க வேண்டும். தூக்குச்சட்டியின் அடி, முண்டாசின் மடிப்பு, சுருக்குப் பையின் வாய். காலையில் களியைப் பொதிந்திருந்த துண்டை மாலையில் காவலாளி உதறிப் பார்த்தார். நெடுநடைக்காரரின் நம்பிக்கைக்குரிய துணியே அவர்மேல் சந்தேகம் கொள்ளக் காரணமான துணியாகவும் ஆனது.

அடுத்த படி இன்னும் விசித்திரம். ஒப்பந்தக் கூலிகளை அடையாளம் வைத்துக்கொள்ளக் கைரேகைப் பதிவு கொண்டுவந்தபோது, 1930 ஏப்ரலில், ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வர மறுத்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்த வேலைநிறுத்தம் அது, தங்கவயல் தொழிலாளர் வரலாற்றில் பெரிய திருப்பம். கீழே வைத்துவிட்டுப் போக முடியாத ஒரே சாமான் விரல் நுனி. அதையும் கம்பெனி தன் கணக்கில் சேர்க்கப் பார்த்தது என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். குற்றவாளிகளுக்குத்தானே ரேகை எடுப்பார்கள்?

இதற்கு ஓர் உறவுக்காரக் கதை கடலுக்கு அப்பால் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1901-ஐ ஒட்டிப் புதிய ஏற்பாடு வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றை ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்தார்கள். கையில் துட்டு இல்லாமல் அதைக் காட்டியே ரயிலும் கப்பலும் ஏறலாம். செலவு பிறகு கணக்கில் ஏறும். ‘துண்டு’ என்ற சொல்லே மலையகத் தமிழில் வேறு வாழ்க்கை வாழ்ந்தது, தோட்டம் மாறக் கணக்குத் தீர்க்கத் தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டையும் துண்டு என்றே சொன்னார்கள். தோளில் துணித் துண்டு, கழுத்தில் தகரத் துண்டு. முதலாவது நடந்தவர் தேர்ந்தது, இரண்டாவது அவரைத் தேர்ந்தவர்கள் கட்டியது.

சோதனைச் சாவடியில் சிக்காமல் வெளியே வந்த சரக்கு ஒன்று உண்டு. சிலிகா தூசு. துளைக்கருவியிலிருந்து பறந்த நுண்பொடி மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைத் தழும்பாக்கியது. இந்திய மருத்துவப் பாடநூல்கள் நம் நாட்டில் சிலிகோசிஸ் முதலில் பதிவான இடமாகக் கோலார்த் தங்கச் சுரங்கத்தையும் 1947-ஆம் ஆண்டையும் குறிப்பிடும். காவலாளியின் கைக்கு எட்டாத அந்தச் சுமையைச் சாகும்வரை ஓய்வுபெற்றவர்கள் லைன் வீடுகளில் சுமந்தார்கள்.

எடையே இல்லாத வேறொரு சாமானும் இந்த ஊருக்குள் வந்தது, தாள். 1907 ஜூனில், தமிழ்ப் பௌத்த இயக்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் தங்கவயலின் லைன்களில் தேடிப் படிக்கப்பட்டது. பெயரிலேயே விலை. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் எழுந்தன, சுரங்க வேலை முடித்து வந்தவர்கள் இரவில் கூடி வாசித்தார்கள், வாதம் செய்தார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்தார். பிறகு நின்றுபோன ‘தமிழன்’ 1926-இல் மறுபடி வந்தது தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையார் கையால். அங்கேயே சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைச் சிறு சிறு வெளியீடுகளாக அச்சிட்டது. ஊருக்குப் போகிறவர் மூட்டையில் செருகிக்கொண்டு போகத் தக்க அளவு. கிராமத்திலிருந்து களிமாவும் கடனும் ஏறிவந்த அதே பாதையில் இப்போது புத்தகம் இறங்கிப் போனது. தமிழ்நாட்டில் அயோத்திதாசரை மறந்திருந்த பல பத்தாண்டுகளில் அவர் எழுத்து காப்பாற்றப்பட்டதற்கு இந்தச் சின்னச் சின்னத் தங்கவயல் நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆய்வாளர்கள் அவரைத் திரும்பக் கண்டெடுத்தபோது தேடிப்போன இடங்களில் பழைய சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் பெட்டிகளும் அடங்கும்.

அறிவியலாளர்களும் அங்கே மூட்டை கட்டினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களைப் பாறைக் கூரை வடிகட்டிவிடுவதால், எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவும் நியூட்ரினோக்களைத் தேட ஆழம் நல்ல இடம். 1965-இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2,300 மீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தன, உலகின் முதல் பதிவுகளில் ஒன்று. 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் எடையுள்ள கருவியை அங்கே நிறுத்தினார்கள். ஆள் இறங்கும் கூண்டில் நுழையும் அளவுக்குப் பிரித்து, தகடு தகடாக இறக்கி, உள்ளே மறுபடி கோர்க்க வேண்டும். அண்டத்தின் ஆயுளைக் கேட்க வந்தவர்களுக்கும் முதல் கேள்வி இதுதான்: இது உள்ளே போகுமா?

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியது. 120 ஆண்டில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தாகிவிட்டது. மிஞ்சியது சயனைடு கரைசலில் அலசி ஒதுக்கிய கழிவுமண். மூன்று கோடி டன்னுக்கும் மேல், மேடு மேடாக. புதிதாக வருபவர் இயற்கைக் குன்றுகள் என்றே நினைத்துவிடுவார்.

வேலை போன ஊர் மறுபடி பயணம் தொடங்கியது. இம்முறை எதிர்த்திசையில். விடியுமுன் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில்கள் ஊரிகம், கோரமண்டல் என்று சின்னச் சின்ன நிலையங்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகின்றன. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். போக இரண்டரை மூன்று மணி நேரம், வர அவ்வளவு. காவலாளி வேலை, கட்டட வேலை, கடைச் சிப்பந்தி, ஆலை, கணினிக் கம்பெனி அலுவலகம் என்று பலவிதம். ரயிலில் ஒன்றுக்குப் பெயரே சுவர்ணா. தங்கம் தீர்ந்த பிறகும் பெயர் தீரவில்லை.

தினமும் ஐந்தாறு மணி நேரம் வழியில் கழிக்கிறவருக்கும் அதே பழைய கணக்கு. நெடுநேரம் நின்றே போக வேண்டியிருக்கும், பை பெரிதானால் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பார். மாத சீசன் டிக்கெட் பிளாஸ்டிக் உறைக்குள். மதியத்துக்கு டிபன் பாக்ஸ், பெரும்பாலும் கலந்த சோறு, குழம்பு ஊற்றினால் நெரிசலில் சிந்தும். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தண்ணீர், பெங்களூரில் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருப்பதால். சார்ஜர். ஒரு பேனா. பெண்கள் பையில் பூக்கட்ட நூலும் உதிரிப் பூவும் இருக்கும், வண்டி பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு முழம் தொடுத்துவிடலாம்.

மாசி, பங்குனியில் காற்று எழும்பும்போது கழிவு மேடுகளிலிருந்து சாம்பல்நிறத் தூசு கிளம்பி லைன்களின் மேல் படியும், கொடியில் காயும் துணியிலும் தண்ணீர்க் குடத்திலும். அப்போது நிலையத்துக்கு நடக்கிறவர்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். வண்டியில் ஏறியதும் அவிழ்த்து, சன்னல் வழியே ஓர் உதறு உதறி, நான்காக மடித்து, உட்கார இடம் கிடைத்தால் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள்.